பொன்மானுக்கு ஒரு ஆமென்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், ஜனவரி எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலையில் ஞானதாசன் சார் ஒரு மகத்தான தீர்மானம் செய்தார். தம்முடைய முகத்தை எந்தக் காமிராவுக்கும் காட்டப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு மீன்கொத்தியைப் படம் பிடித்து இலங்கைக்கு அனுப்பிவிடப் போகிறார்.

தீர்மானத்துக்குக் காரணம் ஒரு கடிதம். அவருடைய ஒரே மகள் ஜெபகுமாரி ஹட்டனில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற வேலை. கலியாணமாகிக் கப்பலேறி ஐந்து வருஷமாகிறது. பேத்தி தேவகனிக்கு மூன்று வயது. மகள் எழுதியிருந்தாள்:

'கனிக்கு உங்கள் இரண்டு பேர் முகமும் தெரியாது. ஊரில் இருக்கிற பாட்டா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். நான் மீசையைக் கையால் காட்டுகிறேன். அவளுக்கு விளங்கவில்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்து வீட்டு இசபெல் இருபத்திரண்டாம் தேதி இங்கே புறப்படுகிறாளாமே, அவளிடம் கொடுத்துவிடுங்கள்.'

கடிதத்தைச் சார் நாலு தடவை படித்தார். நாலு தடவையும் அந்த வரி அங்கேயேதான் இருந்தது.

காமிராவோடு அவருக்கு ஒரு பழைய பகை உண்டு. அவர் முப்பத்திரண்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். ஒரு தடவை பள்ளிக்கூடம் முழுவதையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். "ஒருவரும் அசையக் கூடாது" என்று படம் எடுத்த துரை சொன்னார். முன்வரிசையில் ஒரு பையன் அசைந்தான். அவனை அசையாதே என்று சொல்வதற்காகச் சார் அசைந்தார். படம் வந்தபோது எல்லாருக்கும் தலை இருந்தது. சாருடைய கழுத்துக்கு மேல் கொஞ்சம் புகை இருந்தது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரையில் பிள்ளைகள் அவரைப் புகை சார் என்றே சொன்னார்கள், முதுகுக்குப் பின்னால்.

"படந்தானே கேட்டிருக்கா? அனுப்பிருவோம்" என்றார் சார்.

மனைவி சத்தியபாய் கையில் அகப்பையோடு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "நெசமாவா? ரெண்டு பேருமா கோட்டாறுக்குப் போவோமா? அங்கதான் ஸ்டுடியோ இருக்கு."

"நாம எதுக்கு? பொன்மானை அனுப்புவோம்."

"எதை?"

"பொன்மானை. நம்ம ஜன்னலுக்கு வருதுல்லா, அதை."

மீன்கொத்தியை அந்தப் பக்கத்தில் பொன்மான் என்பார்கள். கொட்டாரத்துக்குத் தெற்கே, ஒரு குளத்தை ஒட்டி இருந்தது அவர்கள் வீடு. வடக்கு அறையின் ஜன்னலைத் திறந்தால் குளம். குளத்துக்கு அப்பால் கண் போகிற தூரம் வயல். தினமும் காலையில் ஒரு பொன்மான் வந்து ஜன்னலுக்கு நேரே உட்காரும். சிவப்பு அலகு, வெள்ளை மார்பு. திரும்பி உட்கார்ந்தால் முதுகு முழுக்க நீலம். அப்படி ஒரு நீலத்தை அந்த ஊரில் வேறு யாரும் உடுத்தியிருக்கவில்லை.

"பேத்தி பாட்டாக்க மொகத்தைக் கேக்குதா. நீங்க பட்சிக்க மொகத்தைக் காட்டப் போறியளா?"

"எனக்க மொகத்தைவிட அது நல்லாத்தானே இருக்கு."

"அது நேருதான். எனக்க மொகம்?"

அவர்களுக்குக் கலியாணப் படம் கிடையாது. அதற்குப் பிறகும் ஒரு படம் கிடையாது. சத்தியபாய் கேட்காமல் இருந்ததில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் முடிந்ததும் கேட்பாள். ஆண்டுக்கு ஒரு தடவை அவரும் "பாப்போம்" என்பார். இப்படி முப்பத்தொரு "பாப்போம்" சேர்ந்து கிடந்தது.

அவள் அகப்பையோடு அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த வீட்டில் அறைகள் நாலு, ஆட்கள் இரண்டு. மகள் போன பிறகு சண்டைகூடக் குறைந்துபோயிற்று.

அன்று சாயங்காலமே சார் நாகர்கோவிலுக்குப் போய், டிராயிங் மாஸ்டர் யூஜினிடம் அவருடைய பெட்டிக் காமிராவை இரவல் வாங்கி வந்தார். உள்ளே ஒரு சுருள். சுருளில் எட்டுப் படம். எப்படி எடுப்பது என்பதை யூஜின் இரண்டு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்தார். பெட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. தலையைக் குனிந்து அதில் பார்க்க வேண்டும். மூச்சு விடாமல் பக்கத்திலிருக்கிற விசையைத் தட்ட வேண்டும்.

"தூரத்துல இருக்கப்பட்ட சாமானெல்லாம் கடுகு போலத்தான் விழும் சார். ஆறடிக்குள்ள நிக்கணும். நல்ல வெயில் வேணும்" என்றார் யூஜின்.

ஆறடிக்குச் சார் முன்பே வழி செய்திருந்தார். பொன்மான் உட்காருவதற்காகக் குளத்தில் ஒரு கம்பு நட்டிருந்தார். அதைக் கிட்டத்தில் பார்க்கிற ஆசையில், டிசம்பர் மாதம் முழுவதும், நாளுக்கு ஒரு சாண் என்று, அந்தக் கம்பைப் பிடுங்கிப் பிடுங்கிக் கரைப்பக்கமாக நட்டு வந்தார். பொன்மானுக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது கம்பு ஜன்னலிலிருந்து சரியாக ஆறடியில் நின்றது. வெயிலும் கிழக்கேயிருந்து பக்கவாட்டில் நன்றாக விழுந்தது.

ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. பொன்மான் வருவது ஏழரை மணிக்கு. குடும்ப ஜெபமும் ஏழரை மணிக்கு.

அதே வடக்கு அறையில்தான் பாயை விரித்து இரண்டு பேரும் முழங்கால் போடுவார்கள். கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு சார் ஜெபம் செய்வார். முதலில் மகாராஜா, பிறகு மிஷனெரிமார், பிறகு மழை, பிறகு நோயாளிகள், கடைசியில் இலங்கையில் இருக்கிறவர்கள். முப்பது வருஷமாக ஒரு சொல் கூடினதில்லை, குறைந்ததில்லை. சத்தியபாய் "ஆமென்" என்பாள். இவர்கள் கண்ணைத் திறக்கும்போது பொன்மான் மீனைத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

ஜெபத்தை எட்டு மணிக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார்.

"பட்சி வருதுன்னு கர்த்தரைக் காத்திருக்கச் சொல்லவா?" என்றாள் சத்தியபாய்.

சார் சபையில் டீக்கன், பக்தியில் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டியவர். ஜெப நேரம் ஏழரையாகவே இருந்தது. ஆனால் ராத்திரி படுக்கையில் அவருக்குத் திடீரென்று ஒன்று விளங்கிற்று. காமிராவைப் பிடித்தால் தலையைக் குனிய வேண்டும். ஜெபம் செய்தாலும் தலையைக் குனிய வேண்டும். முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் பெட்டியை வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து, வாயைத் திறக்காமல் இருக்கிற ஒரு மனிதனைப் பார்த்தால், யாருக்கும் பக்திமான் என்றுதான் தோன்றும். வாயைத் திறக்காமல் இருப்பது மட்டுந்தான் பாக்கி.

மறுநாள் காலை சார் சொன்னார்: "ஏட்டி, இண்ணைக்கு நீ ஜெபம் பண்ணு."

சத்தியபாய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?"

"ஸ்திரீகளும் ஜெபிக்கணும். நானே எத்தனை நாளைக்குப் பண்ணுதது?"

"எனக்கு உங்களை மாதிரி வராது."

"வந்த மட்டும் போதும்."

அவர் ஜன்னல் பக்கமாக முழங்கால் போட்டார். ஜன்னல் தாழ்வானது, நல்ல வசதி. காமிராவை ஒரு துவர்த்துத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தார். சத்தியபாய் கண்ணை மூடியதும் துவர்த்தை மெல்ல எடுத்தார்.

"கர்த்தாவே, எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம். எல்லாரையும் காத்துக்கொள்ளும். ஆமென்."

சார் துவர்த்தைத் திரும்ப மூடக்கூட நேரம் இல்லை. பொன்மான் இன்னும் குளத்தின் அக்கரையிலேயே இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் கோபமாக. "ஆண்டவர்கிட்ட கேக்க ஒனக்கு வேற ஒண்ணும் இல்லியா?"

"இருக்கு. அதையெல்லாம் சொன்னா ஒங்களுக்குச் சடைக்கும், கொட்டாவி வரும்."

"சடைக்காது. நீட்டிச் சொல்லு. மனசுல கெடக்கிறதை எல்லாம் சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான்."

"நடுவுல மறிச்சுப் பேச மாட்டியளே?"

"ஜெபத்துக்கு நடுவுல யாராவது பேசுவாங்களா?"

சத்தியபாய் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குப் பகல் முழுவதும் அவள் எதையோ யோசித்துக்கொண்டே மீன் அறுத்தாள். சார் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஜன்னலில் உட்கார்ந்து விசையைத் தட்டாமல் தட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அவள் தொடங்கினாள்.

"கிருபையுள்ள கர்த்தாவே, உமது அடியாள் உமது சமுகத்தில் விழுந்து கிடக்கிறேன். கெணத்துக் கயிறு அஞ்சு எடத்துல முடிச்சுப் போட்டுக் கெடக்கு. அது உமக்குத் தெரியும். உம்முடைய அடியானுக்குத் தெரியாது. தண்ணி கோரி எனக்கு உள்ளங்கை ரெண்டும் வெந்து போச்சு. அவருக்குக் கயிறு வாங்கணும்னு ஒரு எண்ணத்தைக் கொடும். அடுக்களைக் கதவு கீல் விட்டுப்போயி ஓணத்துக்கு முன்னே இருந்து நிக்கி…"

சார் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது. கீலுக்குச் சொல்ல அவரிடம் அருமையான சமாதானம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வழியில்லை. அந்த நேரம் பார்த்து 'கிகிகிகி' என்று கத்திக்கொண்டு பொன்மான் வந்து கம்பில் உட்கார்ந்தது. கண்ணாடியில் குனிந்து பார்த்தார். பறவை இடப்பக்கம் தெரிந்தது. பெட்டியை இடப்பக்கம் திருப்பினார். கண்ணாடியில் அது வலப்பக்கமாக ஓடிற்று. அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் மாற்றிக் காட்டும் என்று யூஜின் சொல்ல மறந்துபோயிருந்தார். பதறிப்போய் விசையைத் தட்டினார். டக்! பொன்மான் பறந்துபோயிற்று.

"…ஆமென்" என்றாள் சத்தியபாய்.

"ஆமென்" என்றார் சார், கம்பைப் பார்த்தபடி.

சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. டீக்கன் ஒருவர் ஆமென் சொன்ன ஜெபம் அது. அன்று மத்தியானம் அவர் கொட்டாரத்துக்குப் போய்க் கயிறு வாங்கினார். வெயில் தாழ்ந்ததும் கீலுக்கு ஆணி அடித்தார்.

வியாழக்கிழமை பாயில் மூன்று பேர் இருந்தார்கள். "சத்தியக்கா ஜெபம் பண்ணினா கயிறு வருது, கீல் வருதுன்னு கேட்டேன். நானும் கூட இருந்து பாக்குதேனே சார்" என்று வந்து முழங்கால் போட்டாள் பக்கத்து வீட்டு இசபெல். கப்பலேறப் போகிறவள், வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவளும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சார் துவர்த்தை எடுத்தார்.

சத்தியபாய் அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"கர்த்தாவே, நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இந்த வீட்டுல நாங்க பேசுத வார்த்தையை எண்ணிப் பாத்தேன். மொத்தம் நாப்பத்தொண்ணு. அதுல உப்பு மட்டும் ஒம்பது தரம். கூடிப்போச்சுன்னு அஞ்சு, கொறஞ்சுபோச்சுன்னு நாலு. ஜெபா இருக்கும்போது இப்பிடி இல்ல. உம்முடைய அடியான் அக்கரையில இருக்க அந்தப் பொன்மான்கிட்ட பேசுததை அடுக்களையில இருந்து கேட்டேன். வாடே, இருடே, ஏன் தாமசம், மீன் கிட்டல்லியான்னு கேக்குதாரு. அதையும் எண்ணிப் பாத்தேன். அறுவத்து நாலு வந்தது."

பொன்மான் வந்து உட்கார்ந்திருந்தது. வெயில் அதன் மார்பில் விழுந்திருந்தது. விசையின்மேல் சாருடைய விரல் இருந்தது. இரண்டு நிமிஷம் அது அசையாமல் இருந்தது. அவரும் அசையாமல் இருந்தார். பிறகு அது எழும்பிப் போயிற்று.

அன்று பிற்பகல் சார் அடுக்களை வாசலில் போய் நின்றார். ஏதாவது பேச வேண்டும் என்று இருந்தது.

"மழை வரும் போல இருக்கு" என்றார்.

சத்தியபாய் வெளியே எட்டிப் பார்த்தாள். "தை மாசம் பொறக்கப் போவுது. இப்பமா?"

"வராது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர் கணக்கில் ஐந்து வார்த்தை கூடியிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று படமும் சனிக்கிழமை மூன்று படமும் போயின. ஒரு தடவை இசபெல் தும்மினாள். ஒரு தடவை எருமை ஒன்று குறுக்கே வந்து நின்றது. மற்ற நாலு தடவையும் சார் தாமே காரணம். இதற்கிடையில் கூரையில் ஓடு மாற்றியாயிற்று, அம்மி கொத்தியாயிற்று, மூக்குப்பொடியைப் பாதியாகக் குறைத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் அவர் ஆமென் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள். படமும் பிடிக்கவில்லை, ஓடும் மாற்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் சுருளில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். காமிராவை அன்று சாயங்காலம் யூஜினிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இசபெல் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். இந்தப் படமும் போயிற்றென்றால் பேத்திக்கு அனுப்ப அவர் கையில் ஒன்றும் இல்லை. தம்முடைய முகத்தைத் தவிர.

ஏழரை மணி. மூன்று பேரும் முழங்கால் போட்டார்கள். சார் இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பெட்டியைப் பொருத்திக்கொண்டார்.

சத்தியபாய் ஜெபித்தாள். மகாராஜாவுக்காக ஜெபித்தாள். மிஷனெரிமாருக்காக ஜெபித்தாள். பொன்மான் வரவில்லை. இசபெல் போகிற கப்பலுக்காக ஜெபித்தாள். கப்பலின் கேப்டனுக்காக ஜெபித்தாள். கடலில் உள்ள மீன்களுக்காகவும் ஜெபித்தாள். சாருக்கு முட்டு வலித்தது. இவள் எப்போது இத்தனை ஜெபம் படித்தாள் என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

'கிகிகிகிகி!'

வந்துவிட்டது. கம்பில் உட்கார்ந்தது. தலையைத் திருப்பிற்று. கண்ணாடியில் அதன் அலகு தெரிந்தது, மார்பு தெரிந்தது, கண்ணில் ஒரு வெயில் புள்ளிகூடத் தெரிந்தது. சார் மூச்சை அடக்கினார். உலகத்தில் அந்தச் சின்னக் கண்ணாடியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எங்கேயோ ஒரு பெண்குரல் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"…கடைசியாக, கர்த்தாவே, வருகிற புதன்கிழமை உம்முடைய அடியான் என்னைக் கோட்டாறுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஸ்டுடியோவில் எனக்குப் பக்கத்தில் நின்று, ஒரு படம் எடுப்பதாக, இந்த இசபெல்லைச் சாட்சியாக வைத்து, இப்போது உமக்கு முன்பாக உடன்படிக்கை செய்கிறார். அதற்காக உமக்கு ஸ்தோத்திரம். ஆமென்."

"ஆமென்" என்றாள் இசபெல்.

டக்!

விழுந்துவிட்டது! பொன்மான் அசையவில்லை, பெட்டி அசையவில்லை, எருமை இல்லை, தும்மல் இல்லை. ஒரு மாத உழைப்பு. சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆமென்!" என்று கத்தினார். "ஆமென்! ஆமென்! அல்லேலூயா!"

அவர் துவர்த்தை மூடிவிட்டுத் திரும்பியபோது இசபெல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு சார். பொண்டாட்டிக்க ஆசைக்கு மூணு தரம் ஆமென் சொன்ன ஆம்பிளையை நான் இப்பந்தான் பாக்குதேன். பாஸ்டரய்யாகிட்டச் சொல்லணும்."

"எந்த ஆசை?" என்றார் சார்.

"புதன்கிழமை எத்தனை மணி பஸ்ஸுக்குப் போவோம்?" என்றாள் சத்தியபாய்.

"எங்கே?"

"கோட்டாறுக்கு. படம் எடுக்க. இப்பந்தானே உடன்படிக்கை பண்ணுனீங்க."

"நானா? ஏட்டி, நான் சொன்னது… அது வேற காரியம்."

"வேற காரியமா? ஜெபத்தைக் கேட்டுத்தானே ஆமென் சொன்னீங்க?"

சார் யோசித்தார். கேட்கவில்லை என்று சொன்னால், ஜெபத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர் என்ற கேள்வி வரும். கண்ணைத் திறந்துகொண்டு காமிரா பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஜெபத்தில் கண்ணைத் திறந்த பையன்களுக்கு ஆளுக்கு இரண்டு அடி கொடுத்தவர் அவர். அவன் திறந்தது உமக்கு எப்படித் தெரியும் என்று முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பையனாவது கேட்டதில்லை. இசபெல் கேட்டாலும் கேட்பாள். சபையில் சொல்லவும் சொல்வாள்.

"கேட்டுத்தான் சொன்னேன்" என்றார் சார்.

"பின்னே?"

"எட்டே கால் பஸ்ஸுக்குப் போவோம்."

புதன்கிழமை ஸ்டுடியோவில் ஒரு திரை தொங்கிற்று. அதில் மலை, மாளிகை, ஏரி எல்லாம் எழுதியிருந்தது. அதற்கு முன்னால் ஞானதாசன் சார் நின்றார். பக்கத்தில் சத்தியபாய், மகள் கலியாணத்துக்கு எடுத்த சேலையில். ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், எடுத்தார். பிறகு காமிராவை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத் திரையைச் சுருட்டினார். சார் அப்படியே நின்றார்.

"மூச்சு விடலாம் சார். எப்பவோ முடிஞ்சு போச்சு."

பொன்மான் சுருளையும் சார் அங்கேயே கொடுத்தார். சனிக்கிழமை படங்களை வாங்கவும் இரண்டு பேருமாகத்தான் போனார்கள். சத்தியபாய் கேட்கவில்லை. அவர்தான், "நீயும் வாறியா?" என்றார்.

சுருளில் ஏழு படங்களில் கம்பு அழகாக விழுந்திருந்தது. ஒன்றில் எருமையும் இருந்தது. எட்டாவது படத்தை ஸ்டுடியோக்காரர் தனியாக எடுத்து நீட்டினார்.

"இது பரவாயில்ல சார். காக்கா நல்லாத் தெளிவா விழுந்திருக்கு."

சார் வாங்கிப் பார்த்தார். அலகு இருந்தது. வாலும் இருந்தது. ஆனால் சிவப்பு கறுத்துப்போயிருந்தது, நீலம் சாம்பலாகிவிட்டிருந்தது. அவர் ஒரு மாதமாகக் கம்பு நட்டது அந்த நீலத்துக்காக. அது மட்டும் அங்கே இல்லை.

மற்றப் படத்தில் அவரும் சத்தியபாயும் ஏரிக்கரை மாளிகையின் முன் நின்றார்கள். கறுப்பிலும் வெள்ளையிலும் அவர்களுக்குக் குறைவு ஒன்றும் தெரியவில்லை. சாருக்குத் தலை இருந்தது, மீசையோடு.

பஸ்ஸில் திரும்பும்போது சத்தியபாய் தங்கள் படத்தை ஒரு தடவை பார்த்து உறையில் வைத்தாள். பொன்மான் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுசீந்திரம் தாண்டியதும் சார் தொண்டையைச் செருமினார்.

"ஒரு காரியம் சொல்லணும். அண்ணைக்கு ஜெபத்துல நான் கண்ணை மூடல்ல."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்? நீ மூடியிருந்தியே?"

"மூடித்தான் இருந்தேன். அது கத்திக்கிட்டுத்தானே வருது? கத்துத வரைக்கும் ஜெபத்தை இழுத்தேன். அது உக்காந்து நீங்க மூச்சை அடக்குனது கேட்டுது. அப்பம் ஸ்டுடியோவைச் சொல்லி ஆமெனை வச்சேன்."

சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பச்சை வயல் ஓடிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷமா அது நம்ம ஜெப நேரத்துலதானே வருது" என்றாள் சத்தியபாய், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சத்தம் மட்டும் கேப்பேன். நான் கண்ணைத் தொறக்கும்போது அது போயிருக்கும். நேருல ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. இதுல நீலம்னு சொல்லுதாங்களே, எந்த எடத்துல?"

சார் விரலால் படத்தில் முதுகைத் தொட்டுக் காட்டினார். அங்கே சாம்பல்தான் இருந்தது.

"நாளைக்கு நீ பாரு" என்றார் கடைசியில். "நான் ஜெபம் பண்ணுதேன்."

மறுநாள் ஏழரை மணிக்குச் சத்தியபாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், கண்ணைத் திறந்துகொண்டு. சார் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினார். மகாராஜாவைச் சொன்னார், மிஷனெரிமாரைச் சொன்னார், மழையைச் சொன்னார், நோயாளிகளைச் சொன்னார். 'கிகிகிகி' என்று சத்தம் வந்தது. பக்கத்தில் சத்தியபாய் "ஆ!" என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. சாருக்கு ஜெபத்தை முடிக்க மனம் வரவில்லை. தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். இலங்கையில் இருக்கிறவர்களைச் சொன்னார். இசபெல்லின் கப்பலைச் சொன்னார். கடல் மீனையும் சொன்னார். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றார்.

"இன்னும் கொஞ்சம் நீட்டுங்க, அது இருக்கி" என்றாள் சத்தியபாய் மெல்ல. "சித்திரை மாசம் நாம ரெண்டு பேரும் ஹட்டனுக்குப் போயி கனியைப் பாக்குத காரியத்தை விட்டுட்டியளே. அதையும் சொல்லிட்டு ஆமென் வையுங்க."